தீயை எங்கே வைப்பது? - கொரிய வீடுகளில் பாய்லர் இடம் தேடிய கதை

குளிர் நாட்டில் வீடு கட்டுகிறவர் முன்னால் எப்போதும் ஒரு கேள்வி நிற்கும். தீயை எங்கே வைப்பது? பக்கத்தில் வைத்தால் சூடு கிடைக்கும், கூடவே புகையும் வரும். தள்ளி வைத்தால் புகை தொலையும், கூடவே சூடும் தொலையும். உலகம் முழுக்க இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அவர்களில் கொரிய மக்களின் அனுபவம் தனியானது. அவர்கள் தீயைப் படுக்கைக்கு அடியிலேயே ஓட விட்டார்கள். பிறகு அதை மெல்ல மெல்ல நகர்த்தி, வீட்டின் ஓரத்தில் தனியாக ஒரு சிறு அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அந்த நகர்வுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஏராளமான உயிர்களும் போயின.

இன்று தென் கொரியாவில் ஒரு வீட்டில் பாய்லரை எங்கே மாட்டலாம், எங்கே மாட்டக் கூடாது என்பதற்குச் சட்டத்தில் விரிவான விதிகள் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் அவை வறட்டு விதிகள் போலத் தெரியும். அவற்றின் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருப்பது புரியும்.

தரைக்கு அடியில் ஓடிய தீ

சியோல் நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். வடக்கே போகப் போகக் குளிர் இன்னும் கடுமை. இந்தக் குளிரைத் தாங்கக் கொரியர்கள் கண்டுபிடித்த முறைக்கு 'ஓண்டோல்' என்று பெயர். கி.பி. 945-ல் சீனாவில் தொகுக்கப்பட்ட 'பழைய தாங் வரலாறு' என்ற நூலிலேயே இதன் ஆரம்ப வடிவத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கொகுர்யோ நாட்டு ஏழை மக்கள் குளிர்காலத்தில் நீளமான பள்ளம் தோண்டி, அதற்குள் தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஆரம்பத்தில் அறையின் ஒரு பகுதி மட்டும்தான் இப்படிச் சூடாக்கப்பட்டது. அறையின் முழுத் தரையையும் சூடாக்கும் வழக்கம் கொர்யோ ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியிலும், அதற்குப் பிறகு வந்த ஜோசன் ஆட்சிக் காலத்திலும் பரவியது.

ஓண்டோல் வேலை செய்யும் விதம் எளிமையானது. சமையலறையில் அடுப்பு இருக்கும். அதன் மேல் பெரிய இரும்புக் கொப்பரைகளில் சோறும் குழம்பும் வேகும். நம் அடுப்பில் மிஞ்சிய சூடு புகையோடு வெளியே போய்விடும். கொரிய அடுப்பில் அந்தச் சூடும் புகையும் சுவருக்கு அடியில் புகுந்து, பக்கத்து அறையின் தரைக்குக் கீழே கட்டப்பட்ட கால்வாய்கள் வழியாக ஓடும். கால்வாய்களுக்கு மேல் தட்டையான கற்கள் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் மண் பூச்சு. அதற்கும் மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதம். கல் சூடேறி, மண் சூடேறி, தரை முழுக்க இதமாகிவிடும். புகை அறையின் மறுபக்கத்தில் இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியேறும். சூடு மேல்நோக்கிச் செல்லும் என்பதால், சமையலறையின் தரை படுக்கையறைத் தரையைவிடப் பள்ளமாக இருக்க வேண்டும். ஆகவே பழைய கொரிய வீடுகளில் சமையலறைக்குள் இறங்கித்தான் போக வேண்டும்.

ஒரே விறகில் சமையலும் ஆயிற்று, குளிரும் போயிற்று! சிக்கனமான ஏற்பாடுதான். கட்டில், நாற்காலி எதுவும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து, தரையில் சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துத் தூங்கலாம். கொரியர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்கும் இந்தச் சூடான தரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தரைதான் அறையிலேயே அதிகச் சூடான இடம். அதை 'அரேன்மோக்' என்பார்கள். அந்த இடம் தாத்தா பாட்டிக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் உரியது. வேலை முடிந்து தாமதமாக வரும் குடும்பத் தலைவருக்காக மூடி போட்ட சோற்றுக் கிண்ணத்தைப் போர்வைக்குள் பொதிந்து வைப்பதும் அங்கேதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அறையைச் சூடாக்குவது புகை. எனவே புகை எங்கே போகிறதோ அங்கேதான் சூடு. தூங்குகிறவருக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது ஒரு கல்லும், கொஞ்சம் மண்ணும், ஒரு காகிதமும்தான். தீயை வேறு இடத்துக்கு மாற்ற வழியே கிடையாது.

அரண்மனைக்கு ஒரு நியாயம்

வசதி இருந்தவர்கள் தீயைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள் என்பதற்குச் சியோலில் உள்ள கியோங்பொக்குங் அரண்மனை நல்ல சாட்சி. அங்கே சமையல் தனிக் கட்டடத்தில் நடந்தது. அரசரும் அரசியும் தூங்கும் அறைகளைச் சூடாக்க, கட்டடத்தின் வெளிப்புறத்தில் தனியாக அடுப்பு வாய்கள் இருந்தன. பணியாட்கள் வெளியே இருந்தபடியே தீ மூட்டுவார்கள்.

புகைபோக்கி இன்னும் தூரம். அரசி வசித்த கியோதேஜோன் மாளிகையின் பின்னால் அமிசான் என்ற சிறு தோட்டம் இருக்கிறது. அங்கே நான்கு அறுகோணத் தூண்கள் அழகான சிற்பங்களோடு நிற்கின்றன. பார்க்கிறவர்கள் ஏதோ நினைவுச் சின்னம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவைதான் புகைபோக்கிகள்! மாளிகையின் அடியிலிருந்து புகை நிலத்தடிக் கால்வாய் வழியாகத் தோட்டம் வரை வந்து, அங்கே மேலேறும். அதே அரண்மனையில் ஜாக்யோங்ஜோன் மாளிகையின் புகைபோக்கி ஒரு மதிலோடு மதிலாகக் கட்டப்பட்டிருக்கிறது. நீண்ட ஆயுளைக் குறிக்கும் பத்துச் சின்னங்கள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. புகையைத் தூரமாக அனுப்பும் கட்டுமானத்தில் நீண்ட ஆயுளின் சின்னங்கள் இருப்பது மிகப் பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

ஆக, தீ வெளியே, புகை அதற்கும் வெளியே, சூடு மட்டும் உள்ளே என்ற தத்துவம் அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க அரண்மனையும் ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

காட்டைக் காப்பாற்றிய கரி, மனிதரைக் கொன்றது

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொரிய மலைகள் மொட்டையாகிவிட்டன. ஜப்பானிய ஆட்சிக் காலத்திலும், 1950 முதல் 1953 வரை நடந்த போரிலும், அதன் பிறகு வந்த வறுமையிலும் மரங்கள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு வீட்டுத் தரையும் சூடாக விறகு வேண்டும். நகரங்களோ வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தன. காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் விறகை நிறுத்த வேண்டும் என்ற நிலை வந்தது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் 'யோன்தான்'. காங்வோன் மாகாணத்துச் சுரங்கங்களிலிருந்து வந்த அனல்மிகு நிலக்கரியைப் பொடியாக்கி, உருளை வடிவில் அழுத்தி, மேலிருந்து கீழாகத் துளைகள் போட்ட கரிக்கட்டி அது. பிற்காலத்தில் பரவலாக இருந்த வகையில் 22 துளைகள் இருந்தன. எடை சுமார் 3.6 கிலோ. இரண்டு கட்டிகளைத் துளைகள் நேராக இருக்கும்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் பல மணி நேரம் எரியும். கீழே இருப்பது சாம்பலானதும் அதை எடுத்துவிட்டு, மேலே இருந்ததைக் கீழே வைத்து, புதியதை அதன் தலையில் வைக்க வேண்டும். இதற்காக வீட்டுப் பெண்கள் நடு இரவிலும் விடியற்காலையிலும் எழுந்தார்கள். எரிந்த கட்டியை உடைத்து, பனி உறைந்த தெருவில் வழுக்காமல் இருக்கத் தூவினார்கள். குளிர்காலத்துக்கு முன் கரிக்கட்டி அடுக்கி வைப்பதும், கிம்ச்சி ஊறப்போடுவதும் ஒரு குடும்பத்தின் இரண்டு பெரிய வேலைகள்.

விலை மலிவு. நீண்ட நேரம் எரியும். காடும் தப்பியது. 1973-ல் தொடங்கிய பெரிய மரம் நடும் திட்டம் வெற்றி பெற்றதற்கு, மக்கள் விறகிலிருந்து கரிக்கு மாறியிருந்ததும் ஒரு முக்கியக் காரணம். இவ்வளவு நன்மைகளுக்கு நடுவில் ஒரு கொலையாளி இருந்தான். அவன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

கரி எரியும்போது போதிய காற்று கிடைக்காவிட்டால் இந்த வாயு உண்டாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்போடு இதைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகிறது. தலைவலி, மயக்கம், பிறகு மரணம். தூங்குகிறவருக்குத் தலைவலி கூடத் தெரியாது.

விறகுப் புகை கண்ணை எரிக்கும், இருமல் வரும். தரையில் ஒரு விரிசல் இருந்தால் உடனே தெரிந்துவிடும். கரி அப்படி எச்சரிப்பதில்லை. விறகுக்காகக் கட்டப்பட்ட அதே பழைய கால்வாய்களில், அதே விரிசல் விட்ட தரைக்கு அடியில், இப்போது இந்த வாயு ஓடியது. விறகு அடுப்பு சமைக்கும் நேரத்தில் மட்டும் எரியும். கரியோ இரவு முழுக்க, எல்லோரும் தூங்கும்போது கனன்றுகொண்டிருக்கும். புதிய கட்டி பற்றிக்கொள்ளும் நேரத்தில் வாயு அதிகம் வரும். காற்றழுத்தம் குறைந்த மப்பான நாட்களில் புகைபோக்கி சரியாக இழுக்காது. அன்றைய இரவுதான் ஆபத்தான இரவு.

1960களிலும் 70களிலும் 80களிலும் குளிர்காலம் வந்தாலே கொரியச் செய்தித்தாள்களில் இந்த மரணச் செய்திகள் தொடர்ந்து வந்தன. கிராமத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிய தொழிற்சாலைப் பெண்கள், மாணவர்கள், சில சமயம் முழுக் குடும்பமே இரவோடு இரவாக மாண்டது. மயங்கியவருக்கு முள்ளங்கிக் கிம்ச்சியின் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது அந்தக் காலத்து வீட்டு வைத்தியம். அது விஷத்தை முறிக்காது. உண்மையான சிகிச்சை ஆக்சிஜன்தான். அதனால் பல கொரிய மருத்துவமனைகள் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைகளை வைத்திருந்தன.

தரையைச் சோதித்துப் பூசுங்கள், காகிதத்தை மாற்றுங்கள், புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள் என்று பிரசாரம் நடந்தது. கரிக்கட்டியைச் சக்கரம் வைத்த தொட்டியில் ஏற்றி, தண்டவாளம் போன்ற அமைப்பில் தரைக்கு அடியில் தள்ளிவிடும் முறையும் வந்தது. எதுவும் பிரச்சினையின் வேரைத் தொடவில்லை. புகை இன்னமும் படுக்கைக்கு அடியில்தான் இருந்தது.

புகைக்குப் பதில் தண்ணீர்

வேரைத் தொட்ட மாற்றம் தண்ணீர் மூலமாக வந்தது. இதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் வேலைக்காக ஜப்பான் போயிருந்தார். அங்கே ஒரு செல்வந்தர் வீட்டில், கொரிய முறையில் தரை சூடாக்கப்பட்ட ஓர் அறையில் உட்காரும் வாய்ப்பு கிடைத்தது. எங்கே அடுப்பு இருக்கிறது என்றே தெரியாமல் அறை இதமாக இருந்தது அவரை வியக்க வைத்தது. இதைத் தன் சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். பின்னர் 1937-ல் மேடிசன் நகரில் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில், தரைக்குள் குழாய்களைப் பதித்து அந்தச் சூட்டைக் கொண்டுவந்தார். கொரியர்களின் தரை, புகை இல்லாமல் அமெரிக்காவில் உருவெடுத்தது!

கொரியாவில் இந்த மாற்றம் சாதாரண மக்களிடம் பெரிய அளவில் வந்தது 1970களின் பிற்பகுதியில். கரிக்கட்டி எரியும் அடுப்பைச் சுற்றித் தண்ணீர் இருக்கும் ஒரு சிறு பாய்லர் செய்தார்கள். தண்ணீர் சூடாகி, தரைக்குள் பதித்த குழாய்களில் சுற்றி வரும். அப்போது நடந்துகொண்டிருந்த 'சேமாவுல்' கிராம முன்னேற்ற இயக்கத்தின் பெயராலேயே இது சேமாவுல் பாய்லர் என்று அழைக்கப்பட்டது.

எரிபொருள் அதே கரிதான். வாயுவும் அதே வாயுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் வந்துவிட்டது. இப்போது படுக்கைக்கு அடியில் ஓடுவது வெந்நீர். அது கசிந்தால் தரை ஈரமாகும், அவ்வளவுதான், யாரும் சாக மாட்டார்கள். தண்ணீரைக் குழாய் வழியாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பதால், தீயைப் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டிய கட்டாயமும் போனது.

'பாய்லரை வீட்டில் எங்கே வைப்பது?' என்ற கேள்வி கொரியாவில் முதன்முதலாக அப்போதுதான் பிறந்தது எனலாம். அதற்கு முன்பு தீயின் இடம் முன்கூட்டியே முடிவான ஒன்று. பள்ளமான சமையலறை, பக்கத்தில் படுக்கையறை, மறுபக்கம் புகைபோக்கி என்று வீடே தீயைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. இனி வீட்டை விருப்பம்போல் கட்டிவிட்டு, தீக்கு ஓர் இடம் தேடலாம்.

மாடிக் குடியிருப்புகளும் பின்புற அறையும்

இடம் தேடும் வேலையை அவசரமாக்கியது அபார்ட்மெண்ட். சியோலில் 1962-ல் வந்த ஆறு மாடி மாபோ குடியிருப்புதான் கொரியாவின் முதல் பெரிய அடுக்குமாடி வளாகம். மாடியில் கரி எரித்தால் வாயு எங்கே போகும் என்ற பயம் மக்களுக்கு இருந்தது. 1970களில் கட்டிய பல ஐந்து மாடிக் குடியிருப்புகளில் மக்கள் படியேறிக் கரிக்கட்டி சுமந்தார்கள், சாம்பலைச் சுமந்து இறங்கினார்கள்.

இன்னொரு பாதையும் இருந்தது. 1970-ல் ஹான் நதிக் கரையில் எழுந்த 'ஹான்காங் மேன்ஷன்' என்ற குடியிருப்பில், ஒரே இடத்தில் பெரிய பாய்லர்களை வைத்து எல்லா வீடுகளுக்கும் வெந்நீர் அனுப்பினார்கள். 1985-ல் மோக்டோங் பகுதியில் ஒரு நகர்ப்பகுதிக்கே ஒரே வெப்ப நிலையம் என்ற முறை வந்தது. அதாவது தீ வீட்டை விட்டே வெளியேறிவிட்டது. பாதுகாப்பில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் பழைய தெருக்களுக்கும் தனி வீடுகளுக்கும் இது எட்டவில்லை.

அவற்றுக்கு வழி செய்தது எரிவாயு. 1986 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து திரவ இயற்கை எரிவாயு ஏற்றிய முதல் கப்பல் பியோங்தேக் துறைமுகத்துக்கு வந்தது. 1987-ல் சியோல் வட்டார வீடுகளுக்குக் குழாய் வழியாக அது போகத் தொடங்கியது. கரிக்கட்டி வேகமாக மறைந்தது. சமையல் அடுப்பும் வீட்டைச் சூடாக்கும் தீயும் பிரிந்தன. எரிவாயு எட்டாத ஊர்களில் எண்ணெய் பாய்லர்கள் வந்தன. 1991-ல் வந்த ஒரு பாய்லர் விளம்பரம் கொரியர்களுக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. குளிரில் நடுங்கும் கிராமத்துப் பெரியவர்களைக் காட்டிவிட்டு, மாமனார் வீட்டுக்கு ஒரு பாய்லர் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று மனைவி கணவனிடம் சொல்வாள். ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு அரேன்மோக்கை விட்டுக்கொடுப்பது மரியாதை. இப்போது பாய்லர் வாங்கித் தருவது மரியாதை.

சரி, இந்தச் சுவர் பாய்லரை வீட்டில் எங்கே மாட்டினார்கள்? பெரும்பாலான குடியிருப்புகளில் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் பின் வராந்தாவிலும், அதை ஒட்டிய சிறு அறையிலும் மாட்டினார்கள். வெளிச் சுவர் இருக்கும் இடம், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம், யாரும் தூங்காத இடம். இந்த மூன்றும் சேரும் மூலை அதுதான்.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

கொரியாவில் இன்று நடைமுறையில் இருக்கும் கட்டட விதிகளும் எரிவாயு விதிகளும் இந்த மூலையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போம்.

முதல் விதி, பாய்லர் மனிதர்கள் வசிக்கும் அறையில் இருக்கக் கூடாது. படுக்கையறை, கூடம், குளியலறை எதிலும் கூடாது. எரியும் எந்திரம் மூச்சு விடும் காற்றையே தானும் எடுத்துக்கொள்கிறது. சிறிய, மூடிய குளியலறையில் ஆக்சிஜன் சீக்கிரம் குறையும். எரிதல் கெடும். வாயு பெருகும்.

இரண்டாவது, பாய்லர் அறைக்கும் வசிக்கும் அறைக்கும் நடுவில் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். நடுவில் கதவு இருந்தால், மூடியதும் வாயு உள்ளே புகாதபடி அது பொருந்த வேண்டும்.

மூன்றாவது, பாய்லர் அறையின் மேல்பகுதியில் குறைந்தது 0.5 சதுர மீட்டர் காற்று ஜன்னல் வேண்டும். அது போக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டத்தில், வெளிக்காற்றைத் தொடும் இரண்டு துளைகள் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். 'எப்போதும்' என்பதுதான் இதில் முக்கியமான சொல். தீ இல்லாத மின்சார பாய்லருக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு.

நான்காவது, பாய்லர் அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைக்கக் கூடாது. இது படிப்பவரைக் குழப்பும். காற்றோட்டத்துக்கு விசிறி நல்லதுதானே? இல்லை. விசிறி அறைக் காற்றை வெளியே இழுத்தால் அறைக்குள் அழுத்தம் குறையும். அப்போது புகைக்குழாயில் வெளியேற வேண்டிய வாயு, திரும்பி உள்ளே இழுக்கப்படும். சமையலறைப் புகை வெளியேற்றும் குழாயைப் பாய்லர் அறை வழியாக அமைக்கக் கூடாது என்பதற்கும் இதுபோன்ற காரணமே.

ஐந்தாவது, எண்ணெய் பாய்லர் என்றால், எண்ணெய்த் தொட்டி பாய்லர் இருக்கும் அறைக்குள் இருக்கக் கூடாது.

இந்த விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்குப் பெற்ற ஒரு வகை பாய்லரும் உண்டு. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகை அது. பெரும்பாலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் என்ற அமைப்பு. உள் குழாயில் புகை போகும், வெளிக் குழாயில் காற்று வரும். அறைக் காற்றோடு அதற்கு உறவே இல்லை என்பதால், தனி பாய்லர் அறை கட்டாயம் இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும், அந்தக் குழாய் இணைப்பு உறுதியாக இருப்பதை நம்பி இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிருக்கும் காற்றுக்கும் நடுவே

விதி ஒன்று சொல்லும், குளிர் வேறொன்று சொல்லும். திறந்த துளைகள் உள்ள பாய்லர் அறையில் ஜனவரி மாதம் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதற்குப் பயந்து மக்கள் துளைகளில் பஞ்சையும் பழைய துணியையும் அடைப்பார்கள். குழாய்க்குத் துணி சுற்றுவது சரியான வழி. துளையை அடைப்பது தவறான வழி. இரண்டும் ஒரே துணிதான், ஆனால் ஒன்று குழாயைக் காக்கும், மற்றது ஆளைக் கொல்லும்!

இடப் பற்றாக்குறை இன்னொரு நெருக்கடி. 2005 டிசம்பரில் வராந்தாவைக் கூடத்தோடு சேர்த்து விரிவாக்குவது சட்டபூர்வமானது. வீடுகள் விசாலமாயின. வெளிக்கும் உள்ளுக்கும் நடுவில் இருந்த வராந்தா பல வீடுகளில் காணாமல் போனது. பாய்லருக்கும் மனிதருக்கும் இடையில் இருந்த தூரமும் குறைந்தது.

2018, காங்நுங்

2018 டிசம்பர் 18. கொரியாவின் கிழக்குக் கடற்கரை நகரமான காங்நுங்கில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை முடித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பத்துப் பேர் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். மதியம் அறையைத் திறந்து பார்த்தபோது எல்லோரும் நினைவிழந்து கிடந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஏழு பேர் சிகிச்சை பெற்றார்கள்.

விசாரணையில் தெரிந்தது இதுதான். கட்டடத்துக்குள் இருந்த பாய்லரையும் வெளியே போகும் புகைக்குழாயையும் இணைக்கும் இடம் விலகியிருந்தது. அதைப் பொருத்தியவர் அதற்கான உரிமம் இல்லாதவர். இணைப்பு முறையாகப் பொருத்தி அடைக்கப்படவில்லை. நாளாக ஆக அது நழுவியது. வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் அந்த இடத்தில் இல்லை.

கரிக்கட்டிக் காலம் முடிந்து ஒரு தலைமுறை கடந்த பிறகு, அதே வாயு, அதே முறையில் வந்தது. கொரியர்களுக்கு இது ஆழமான அதிர்ச்சி. பழைய தலைமுறையினர் பயந்து பயந்து தரையைத் தடவிப் பார்த்து விரிசல் தேடியவர்கள். புதிய தலைமுறைக்குப் பாய்லர் என்பது சுவரில் இருக்கும் ஒரு பொத்தான் மட்டுமே. தீ கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனதும், அதைப் பற்றிய பயமும் கண்ணை விட்டுப் போய்விட்டது.

இதன் விளைவாக, 2020 ஆகஸ்ட் முதல் புதிதாக எரிவாயு பாய்லர் பொருத்தும்போது கார்பன் மோனாக்சைடு அலாரமும் பொருத்த வேண்டும் என்பது கட்டாயமானது. தங்கும் விடுதிகளுக்கும் இது விதிக்கப்பட்டது. அதே 2020-ல் ஏப்ரல் முதல், காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய பாய்லர்கள் புகையின் சூட்டையும் வீணாக்காத 'கண்டென்சிங்' வகையாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்த வகை பாய்லரில் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். எனவே பாய்லர் இருக்கும் இடத்தில் தண்ணீர் வடிய வழி வேண்டும். இடம் தேடுபவருக்கு இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. வடிகால் அமைக்கவே முடியாத வீடுகளுக்கு விலக்கும் தர வேண்டியதாயிற்று.

நமக்கும் உண்டு பாடம்

தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் தேவையில்லை. ஆனால் இந்த வாயு நமக்கு அந்நியம் அல்ல. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியதால் நேர்ந்த மரணங்களும் இந்தியாவில் பல. கொரியச் சட்டம் பாய்லரைக் குளியலறையில் வைக்காதே என்று சொல்வதை, கீசர் வாங்குகிற நாமும் படித்துப் பார்க்கலாம்.

கொரிய வீட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால், சூட்டையும் புகையையும் பிரிக்க நடந்த நீண்ட போராட்டம் எனலாம். அரண்மனை அதை ஆள் பலத்தால் செய்தது. எளிய வீடுகள் அதைச் செய்யத் தண்ணீர்க் குழாய் வர வேண்டியிருந்தது. குழாய் வந்த பிறகும், காற்றுத் துளை அடைபட்டாலோ ஓர் இணைப்பு நழுவினாலோ புகை பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. அதனால் வீட்டில் தீக்கு இடம் தேடுகிறவர், எங்கே வைத்தால் அழகாக இருக்கும், எங்கே வைத்தால் இடம் மிச்சமாகும் என்று கேட்பதற்கு முன்னால், புகை எந்த வழியாகப் போகும், அந்த வழி அடைபட்டால் அது யார் தூங்கும் அறைக்கு வரும் என்று கேட்பது நல்லது.